சேத்துப்பட்டில் இன்று காற்று சரியில்லை

1

பெர்சி, சாமு, இது உங்கள் இரண்டு பேருக்கும்தான். பெர்சி பத்து நிமிடத்தில் படித்து முடித்துவிடுவாள். சாமு, நீ எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் பால் ஆறி ஏடு படிந்துவிடும். அம்மாவைப் படிக்கச் சொல்லிக் கேள். அப்பா பத்தாவதோடு நிறுத்தியவன். எழுத்தில் பிழை இருந்தால் பெர்சி திருத்திக்கொள்ளட்டும். கடைக்காரர் முன்னால் என் போர்ச்சுகீசைத் திருத்துகிறவள், தமிழை விட்டுவைப்பாளா?

நான் இந்த நாட்டுக்கு வந்து போன மாதத்தோடு ஏழு வருடம் முடிந்தது. ஆரணியில் நம் திருச்சபை இதழ்க்காரர்கள், “வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுங்க” என்று கேட்டிருந்தார்கள். எழுத உட்கார்ந்தால், பேனா உங்கள் பக்கமே போகிறது. சரி, உங்களுக்கே எழுதுகிறேன், ஊர்க்காரர்களும் கூட உட்கார்ந்து படிக்கட்டும். அவர்களுக்காகச் சில விஷயங்களை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும். உங்களுக்குத் தெரிந்ததுதானே என்று தாண்டிப் போகாதீர்கள். உங்களுக்குத் தெரியாதது ஒன்றும் கடைசியில் இருக்கிறது.

ஊர்க்காரர்களுக்கு: நான் இருப்பது போர்ச்சுகல் நாட்டின் மேற்குக் கரை. எதிரே அட்லாண்டிக் பெருங்கடல். இங்கே நீளமான பலகையைப் போட்டு, அலை தூக்கும்போது அதன்மேல் எழுந்து நின்று கரைவரை வருவார்கள். சர்ஃபிங் என்று பெயர். அதைச் சொல்லித்தரும் பள்ளி ஒன்றில் நான் வேன் ஓட்டுகிறேன். ஆரணியில் அரிசி மில் லாரி ஓட்டியவன், இங்கே வந்து இரண்டு வருடம் பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் பழம் பறித்தேன். மூன்றாவது தடவை எழுதித்தான் இந்த நாட்டு லைசென்ஸ் கிடைத்தது. அதன்பிறகு தெரேசா வேலை கொடுத்தாள். தெரேசா பள்ளிக்கு முதலாளி, சொல்லித்தருகிறவளும் அவளே. என்னைவிட இரண்டு வயது இளையவள். மீன்காரர் வீட்டுப் பெண்.

வேன் ஓட்டுவது என்றால், ஏற்றி இறக்குவது மட்டும் அல்ல. தினமும் காலையில் வந்திருக்கிற ஆட்களைப் பார்த்து, கடலைப் பார்த்து, யாரை எந்தக் கரைக்குக் கொண்டுபோவது என்று முடிவு செய்ய வேண்டும். ஆரம்பத்தில் தெரேசா சொல்வாள், நான் ஓட்டுவேன். இப்போது அவளே டீ குடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்கிறாள். நான் எந்தக் கரை என்று சொன்னால் தலையை ஆட்டிவிட்டுப் பலகையைக் கட்டப் போய்விடுகிறாள். கடலே இல்லாத ஊரில் பிறந்த ஒருவனுக்கு இது எவ்வளவு பெரிய மரியாதை என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. இங்கே எழுதிவைக்கிறேன்.

2

எங்கள் கரைகளுக்குப் போர்ச்சுகீசில் நல்ல பெயர்கள் இருக்கின்றன. முதல் வருடம் அவை என் வாயில் நுழையவில்லை. நானே பெயர் வைத்துவிட்டேன். இப்போது தெரேசாவே ஒன்றிரண்டு தடவை “கோட்டை” என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

முதல் கரை, கோட்டை மைதானம். ஆரணிக் கோட்டை மைதானத்தில் நடக்கிறவன் நடப்பான், கிரிக்கெட் ஆடுகிறவன் ஆடுவான், சைக்கிள் பழகுகிறவன் விழுந்து எழுவான். யாரும் யாரையும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். இந்தக் கரையும் அப்படித்தான். தெற்கே பார்த்த வளைவு. பெருங்கடலின் அடி நேராக வந்து விழாது. மலைமூக்கைச் சுற்றி வந்து களைத்துப்போய்த்தான் சேரும். அடியில் வெள்ளை மணல், மாவு மாதிரி. இடுப்பளவு தண்ணீரில் ரொம்ப தூரம் நடக்கலாம். அலை முன்னாலேயே உடைந்து, நுரையாக வந்து பலகையைத் தள்ளும். முதல் தடவை பலகையைத் தொடுகிறவர்கள், குழந்தைகள், பயந்தவர்கள், ஐம்பது வயதுக்கு மேல் ஆசை வந்தவர்கள், எல்லாருக்கும் இதுதான். பலகை நீளமாக, மெத்து மெத்தென்று இருக்க வேண்டும். கடல் தினமும் இரண்டு தடவை ஏறி இறங்கும்; தண்ணீர் இறங்கியிருக்கும் நேரம் நல்லது. மஞ்சள் பனியன் போட்டு அனுப்புவோம்.

இரண்டாவது, சேத்துப்பட்டு. ஆரணியை விட்டுக் கிளம்பியாயிற்று, செஞ்சி இன்னும் வரவில்லை என்றால் பஸ் எங்கே நிற்கும்? அந்த மாதிரி ஆட்களுக்கான கரை இது. நுரையில் நிற்கப் பழகியவர்கள், உடையாத அலையைப் பிடிக்க ஆசைப்படுகிறவர்கள். இங்கே மணல் பழுப்பு நிறம், ரவை போலக் கரகரப்பு. கடலுக்கு அடியில் மணல் மேடுகள் இருக்கும். மேட்டின்மேல் அலை நிமிர்ந்து உடையும். மேடு மாதத்துக்கு ஒரு தடவை இடம் மாறும். நேற்று இருந்த இடத்தில் இன்று இருக்கும் என்று நம்பக்கூடாது. நெஞ்சளவு அலை போதும். காற்று தரையிலிருந்து கடலுக்கு வீச வேண்டும். அப்போது அலையின் முகம் இஸ்திரி போட்ட மாதிரி வழவழவென்று நிற்கும். கடலிலிருந்து வீசினால் எல்லாம் கசங்கிவிடும். இவர்களுக்கு நீலப் பனியன்.

மூன்றாவது, சந்தவாசல். அங்கே போனால் மலை ஆரம்பித்துவிடும் அல்லவா. இதுவும் அப்படி. அடியில் மணல் இல்லை, பாறை. அதனாலேயே அலை எப்போதும் ஒரே இடத்தில் உடைந்து, வலதுபக்கமாக ஒரு கோடு போட்ட மாதிரி பிரிந்து ஓடும். பார்த்துக்கொண்டே நிற்கலாம், சாப்பாடு தோன்றாது. தண்ணீர் பாதிக்கு மேல் ஏறியிருந்தால்தான் இறங்கலாம். வற்றினால் பாறை பல் காட்டும். விழத் தெரிந்தவர்களுக்கு மட்டும். தட்டையாக விழ வேண்டும், கால் ஊன்றத் தேடக்கூடாது. அங்கே ஒரு சட்டமும் உண்டு. ஒரு அலைக்கு ஒரு ஆள். அலை உடைகிற முனைக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்களுக்கே உரிமை. நம் ஊர் பஸ் மாதிரி ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்க முடியாது. போலீஸ் இல்லை, எழுதிவைத்த அறிவிப்பு இல்லை, ஆனாலும் எல்லாரும் அந்தச் சட்டத்துக்கு அடங்கி வரிசையாகக் காத்திருக்கிறார்கள். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கும்.

இன்னொன்று, உயரத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவில் எண்ணிப் பாருங்கள். எட்டு எண்ணுவதற்குள் வந்தால் பக்கத்தில் பிறந்த அலை, தட்டிவிட்டுப் போகும். பதினான்கு எண்ணியும் வரவில்லை என்றால் அது ரொம்ப தூரத்திலிருந்து வருகிறது. உயரம் அதேதான், ஆனால் லோடு ஏற்றிய லாரியும் காலி லாரியும் மாதிரி. இடித்தால் தெரியும்.

3

நான் செய்த ஒரு தப்பையும் சொல்லியாக வேண்டும். அது தெரியாமல் மற்றது புரியாது.

நான் நீச்சல் கற்றது பயிர்க் கிணற்றில். எண்ணெய் டப்பாவை முதுகில் கட்டி, மாமா மேலிருந்து தள்ளிவிட்டார். எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் அப்படித்தான். கிணற்றில் தண்ணீர் அசையாது. எங்கே அசையாமல் இருக்கிறதோ அங்கே பயம் இல்லை. இந்தக் கணக்குதான் என் உடம்புக்குள் இருந்தது.

வேன் ஓட்ட ஆரம்பித்த முதல் மாதம். சேத்துப்பட்டில் தெரேசா தண்ணீரில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். நான் கரையில் நின்றேன். ஒரு தாய், ஐந்தாறு வயதுப் பெண் குழந்தையோடு வந்து, சும்மா நனைய வேண்டும், எங்கே இறங்கலாம் என்று கையைக் காட்டிக் கேட்டாள். நடுவில் அலை பெரிதாக உடைந்து நுரைத்துக்கொண்டிருந்தது. வடக்குப் பாறை ஓரத்தில் மட்டும் ஒரு பட்டை தண்ணீர், கரும்பச்சையாக, அலையே இல்லாமல், கிணறு மாதிரி இருந்தது. அங்கே போங்கள் என்று நான்தான் காட்டினேன்.

அந்தக் குழந்தை முழங்கால் தண்ணீரில் நின்றது. அடுத்த பார்வையில் இடுப்பு. அதற்கடுத்து தாய் கத்துகிறாள். குழந்தை அழக்கூட இல்லை, முகத்தைக் கரைப் பக்கம் வைத்தபடியே பின்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. யாரோ கயிறு கட்டி இழுக்கிற மாதிரி. தெரேசா பலகையோடு பாய்ந்து போய்த் தூக்கிவிட்டாள். ஒன்றும் ஆகவில்லை. தாய் எனக்கு நன்றி வேறு சொன்னாள், நான் கத்திக் கூப்பிட்டதாக நினைத்து. நான் கத்தவே இல்லை.

தெரேசா திட்டவில்லை. எல்லாரும் போனபிறகு கரையில் ஒதுங்கிய ஒரு கட்டையை எடுத்து அந்தப் பச்சைத் தண்ணீரில் எறிந்தாள். அது நேர்கோடாகக் கடலுக்குள் போனது. அலைகள் கரைக்குக் கொண்டுவருகிற தண்ணீர் எல்லாம் எங்கேயாவது வழி பார்த்துத் திரும்பிப் போக வேண்டும் அல்லவா என்றாள். ஆழம் எங்கே இருக்கிறதோ அதுதான் வழி. ஆழத்தில் அலை உடையாது. அதனால் அமைதியாகத் தெரியும். மாட்டிக்கொண்டால் அதோடு சண்டை போடாமல் பக்கவாட்டில் போ, நுரை இருக்கும் இடத்துக்குப் போ, நுரை உன்னைக் கரைக்குக் கொண்டுவந்துவிடும் என்றாள்.

கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஏரியில் மதகு பக்கம் நாங்கள் யாரும் இறங்கமாட்டோம். மேலே அசைவே இருக்காது, கீழே இழுக்கும். சின்ன வயதிலேயே தெரிந்த விஷயம். ஏரியைப் பற்றித் தெரிந்ததைக் கடலுக்கு எடுத்துவர மறந்து, கிணற்றைப் பற்றித் தெரிந்ததை எடுத்துவந்திருக்கிறேன். அன்றிலிருந்து அந்தப் பாறை ஓரத்துக்கு மதகு என்று பெயர் வைத்தேன். நம் வீட்டிலும் அதே பெயர்தான்.

அந்தக் குழந்தையின் முகம் மட்டும் போகவில்லை. ஐந்து வருடம் ஆகிறது. இதை உங்களிடம் சொன்னதே இல்லை.

4

நீங்களும் அம்மாவும் வந்து மூன்று வருடம் ஆகிறது. உங்களைக் கூட்டிவர நான் அலைந்தது ஒரு தனிக் கதை. இங்கே எல்லாருக்கும் குடும்பப் பெயர் என்று ஒன்று நீளமாக இருக்கிறது. நமக்கு இருப்பது ஒரு இனிஷியல். என் பாஸ்போர்ட்டில் அருள்தாஸ் மாசிலாமணி, தாத்தா பெயர் சேர்ந்து. உங்கள் பாஸ்போர்ட்டில் பெர்சிஸ் அருள்தாஸ், சாமுவேல் அருள்தாஸ். கவுண்டரில் இருந்த அம்மா இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, குடும்பப் பெயரே ஒத்துவரவில்லையே, இவள் உங்கள் மகள் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டாள். நல்ல மாதிரியாகத்தான் கேட்டாள். நான் என் பெயரைத் தொட்டுக் காட்டி, பிறகு பெர்சி பெயரின் கடைசியைத் தொட்டுக் காட்டினேன். அவள் புரியாமல் பார்த்தாள். பிறப்புச் சான்றிதழ் ஆரணியிலிருந்து மொழிபெயர்த்து, முத்திரை வாங்கி வர ஐந்து மாதம் ஆனது.

வந்த பிறகு இந்த ஊர் உங்களைச் சீக்கிரமே எடுத்துக்கொண்டது. சாமுவுக்கு ஃபுட்பால். அவன் தூக்கத்தில்கூட இந்த நாட்டு மொழியில்தான் பந்து கேட்கிறான். நீங்கள் இரண்டு பேரும் உங்களுக்குள் பேசும்போது நான் சமையல்கட்டு வாசலில் விருந்தாளி மாதிரி நிற்கிறேன். குறையாகச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் நன்றாக இருக்கிறீர்கள், அது போதும். அம்மாவுக்கும் கை வேலை கிடைத்தது. ஆரணியில் பட்டு நெய்த விரல், இங்கே குளிர் தாங்கக் கடலில் போடுகிற ரப்பர் உடைகளில் கிழிசல் தைக்கிறது. அம்மா போட்ட முடிச்சைத் தெரேசா இழுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, இது அவிழவே அவிழாதா என்று கேட்டாள்.

பெர்சி, உனக்கும் எனக்கும் நடுவில் ஒரே ஒரு பேச்சு தமிழில் தப்பிக் கிடந்தது. சனிக்கிழமை காலையில் பல் விளக்கிக்கொண்டே வருவாய்.

“ப்பா, இன்னிக்கு எங்க?”

நான் காற்று, தண்ணீர், அலை எல்லாம் சொல்லுவேன். நீ கேட்டுக்கொள்வாய். சில நாள் அரை மணி நேரம் ஓடும். வாரம் பூராவும் நான் அந்தக் கேள்விக்காகக் காத்திருப்பேன் என்று உனக்குத் தெரியாது.

5

முதல் இரண்டு கோடையும் நீ கோட்டை மைதானத்தில் மஞ்சள் பனியனோடு பழகினாய். போன கோடை தொடங்கும்போதே நுரை உனக்குப் போதவில்லை. தெரேசா நீலப் பனியனை எடுத்துவைத்துவிட்டாள். பதினெட்டு வயது ஆகாதவர்கள் சேத்துப்பட்டில் இறங்க வேண்டுமானால் அப்பாவோ அம்மாவோ ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். பெயர், வயது, நீச்சல் தெரியுமா, எந்த நிலை, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது, என்ன உறவு. அதை மடித்து வேன் டேஷ்போர்டுக்குள் வைத்துக்கொண்டேன். கையெழுத்துப் போடவில்லை.

அந்தச் சனிக்கிழமை நீ கேட்டபோது, “சேத்துப்பட்டுல இன்னிக்கு காத்து சரியில்லம்மா, கோட்டை மைதானமே போ” என்றேன். காற்று நன்றாகத்தான் இருந்தது. அடுத்த வாரமும் அப்படியே சொன்னேன். அதற்கு அடுத்த வாரம் அலை பெரிது என்றேன். ஒரு வாரம் தண்ணீர் ஏறிவிட்டது என்றேன். ஒன்பது சனிக்கிழமை. உன்னைக் கோட்டை மைதானத்தில் இறக்கிவிட்டு, உன் வயதுப் பிள்ளைகளை, உன்னைவிடச் சின்னப் பிள்ளைகளை, அதே வேனில் சேத்துப்பட்டுக்குக் கொண்டுபோனேன். வேறு யாருக்கும் ஒரு நாளும் நான் கடலைப் பற்றிப் பொய் சொன்னதில்லை. உனக்கு மட்டும்தான் சொன்னேன்.

ஒன்பதாவது சனிக்கிழமை சாயந்திரம் நீ எனக்கு உதவியாகப் பனியன்களை அலசிக்கொண்டிருந்தாய். மஞ்சள் ஒரு வாளி, நீலம் ஒரு வாளி. நீல வாளியில் கையை விட்டு, அடியில் தங்கிய மணலை அள்ளி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாய். பழுப்பு மணல், ரவை மாதிரி.

“இது சேத்துப்பட்டு மண்ணுப்பா.”

நான் வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். திரும்பவில்லை.

“ஊரு பசங்களெல்லாம் இட்டுகினு போற. என்ன மட்டும் ஏன்ப்பா உட்டுட்டுப் போற?”

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். நாளைக்குச் சீக்கிரம் எழுந்திருக்கணும் என்று என்னவோ உளறினேன். நீ மணலைக் கழுவிவிட்டு உள்ளே போய்விட்டாய். கோபித்துக்கொண்டு கதவை அறைந்து சாத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாகத்தான் சாத்தினாய்.

அடுத்த சனிக்கிழமை நீ என்னிடம் கேட்கவில்லை. அம்மா துணி காயப்போடுகிற கொடியை ஜன்னல் வழியாகப் பார்த்தாய். துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்துவிட்டு, பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே கோட்டை மைதானம் போனாய். அதற்கு அடுத்த வாரமும் அதே மாதிரி. மூன்றாவது வாரமும். அந்தக் காலை நேரத்தில் வீட்டில் சாமு போட்ட டிவி சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை.

உங்கள் அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, “கெணத்துல முங்கி எழுந்தவரு கடலுக்குத் தீர்ப்பு சொல்லிகினு இருக்காரு” என்றாள். பிறகு நூலைப் பல்லால் கடித்து, “அவ கேக்கறத நிறுத்திட்டா பாத்தியா. அப்புறம் எதக் கேக்கப்போறா உன்கிட்ட?” என்றாள்.

தெரேசாவும் விடவில்லை. உன் மகள் இன்னும் மஞ்சளில் ஏன் இருக்கிறாள் என்று கேட்டாள். இன்னும் தயாராகவில்லை என்றேன். யார், அவளா நீயா என்று கேட்டுவிட்டுப் பலகைக்கு மெழுகு தேய்க்கப் போய்விட்டாள். அவளிடம் பாதிப் பேச்சுக்கு மேல் எப்போதும் இருக்காது. அந்தப் பாதியே போதும்.

6

நாலாவது சனிக்கிழமை காலையில் நான் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டு, உன் தோசைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். சொல்ல வேண்டியதை மூன்று நாளாக மனப்பாடம் செய்திருந்தேன். அதில் பாதிகூட வரவில்லை.

“காத்து ஒம்பது வாரமும் நல்லாதாம்மா இருந்துச்சு. எனக்குத்தான் பயம். பொய் சொல்லிட்டேன்.”

“தெரியும்ப்பா” என்றாய். தோசையைப் பிய்த்துக்கொண்டே, “இன்னிக்கு நானே பாக்கறேன்” என்றாய். அவ்வளவுதான். நியாயம்தான் என்று நினைத்துக்கொண்டேன். தாளையும் சாவியையும் எடுத்துக்கொண்டேன்.

சேத்துப்பட்டில் இறங்கியதும் நீ தண்ணீருக்குப் போகவில்லை. பத்து நிமிடம் கரையில் நின்று பார்க்க வேண்டும் என்று நான் எல்லாரிடமும் சொல்வேன், யாரும் முழுசாக நிற்பதில்லை. நீ நின்றாய். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, உதடு மட்டும் அசைய எண்ணினாய். தெரேசா மற்ற பிள்ளைகளோடு முன்னாலேயே இறங்கிவிட்டாள். அவர்கள் நடுவில் நுரையோடு முட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு அடி போனால் மூன்று அடி பின்னால் வந்தார்கள்.

நான் பத்தடி தள்ளி நின்றேன். பேசக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். நீயே என் பக்கம் திரும்பினாய்.

“ஒம்பது எண்றதுக்குள்ள வருதுப்பா. மேடு நடுல இருக்குது. காத்து நம்ம பின்னால இருந்து. அவங்க போற வழியில போனா கை ஓஞ்சிடும். நான் மதகு வழியா போறேன்.”

அந்தக் கரும்பச்சைப் பட்டை பாறை ஓரத்தில் அப்படியே கிடந்தது. ஐந்து வருடத்துக்கு முன்னால் நான் கை நீட்டிக் காட்டிய அதே தண்ணீர். பின்பக்கமாகப் போன அந்த முகம்.

“சரியாப்பா?” என்று கேட்டாய்.

நான்கு வாரத்துக்குப் பிறகு நீ என்னிடம் கேட்ட முதல் கேள்வி. ‘வேணாம்’ என்று சொல்லியிருந்தால் நீ போயிருக்கமாட்டாய் என்று இப்போதும் நினைக்கிறேன். கையெழுத்துப் போட்ட தாள் ஈரமாகாமல் என் சட்டைப் பையில் இருந்தது. நான் கடலைப் பார்த்தேன். உன்னைப் பார்க்காமல், வேறு யாரோ வீட்டுப் பிள்ளை கேட்டால் எப்படிப் பார்ப்பேனோ அப்படிப் பார்த்தேன். தண்ணீர் பாதி ஏறியிருக்கிறது. அலை நெஞ்சளவு. இழுப்பு இருக்கிறது, ஆனால் ஓட்டம் அல்ல, நடை. பாறை முனையில் போய் இடதுபக்கம் திரும்பினால் மேட்டுக்குப் பின்னால் வந்துவிடலாம். தெரேசா அங்கே இருக்கிறாள். நீ கணித்தது சரி.

“சரிதான். முனையில எடதுபக்கம் வெட்டு. மாட்டிகினா நொரைக்கு வா.”

“ம்” என்றாய்.

பெர்சி, நீ பலகைமேல் படுத்த பிறகு நடந்ததை நீ பார்த்திருக்க முடியாது. நீ அதற்குள் இருந்தாய். நான் வெளியிலிருந்து பார்த்தேன், அதனால் சொல்கிறேன். அந்தத் தண்ணீர் உன்னைத் தூக்கிக்கொண்டு போனது. நீ கையை அதிகம் போடவே இல்லை. தலைமுடிகூட நனையாமல், மேளதாளத்தோடு கூட்டிப்போகிற மாதிரி, மற்றவர்கள் நுரையில் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது நீ பக்கத்தால் போய்விட்டாய். முனையில் இடதுபக்கம் திரும்பினாய். அலைகளுக்குப் பின்னால் போய்ப் பலகைமேல் உட்கார்ந்தாய். உட்கார்ந்து, கரையைப் பார்க்காமல், கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் ஒரு குழந்தையைத் தொலைக்க இருந்த இடத்தை நீ வழியாக்கிக்கொண்டாய். அதே தண்ணீர்தான். யார் படிக்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

முதல் அலையில் பலகையின் மூக்கு தண்ணீரில் குத்தி விழுந்தாய். இரண்டாவதில் எழுந்திருக்கும்போதே விழுந்தாய். மூன்றாவது அலையை விட்டுக்கொடுத்தாய், பக்கத்தில் இருந்த பிள்ளைக்கு உரிமை என்று. அது எனக்கு ரொம்பப் பிடித்தது. நான்காவதில் நின்றாய். அது உடையாத அலை. வழவழவென்று, வெயில் உள்ளே தெரிகிற பச்சை. நீ அதன் முகத்தில் பக்கவாட்டாக ஒரு கோடு போட்டுக்கொண்டு வந்தாய், முழங்கால் மடக்கி, வாய் திறந்து. பத்து எண்ணுகிற நேரம் இருக்கும். நான் எண்ணவில்லை. தெரேசா தண்ணீரில் இருந்தபடியே இரண்டு கையையும் தூக்கினாள். கரையில் யாரோ ஒரு கிழவர் என்னைப் பார்த்து, உன் மகளா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் அத்தாட்சி எதுவும் கேட்கவில்லை.

திரும்பிவரும்போது வேனில் நீ என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, உப்பு முகத்தோடு நிறுத்தாமல் பேசினாய். பாதி தமிழ், பாதி இந்த ஊர்ப் பேச்சு. எனக்குப் புரியாத பாதியையும் தலையாட்டிக் கேட்டேன். வீட்டுத் திருப்பத்தில் திடீரென்று நிறுத்தி, “ஏம்ப்பா, நீ ஏன் எறங்கறதே இல்ல?” என்றாய்.

எனக்கு வயசாகிவிட்டது என்றேன். அம்பது வயசுல ஆசை வந்தவங்களுக்கு எந்தக் கரைன்னு நீதானே சொல்வ என்றாய். எனக்கு நாற்பத்தாறுதான் என்றேன். நீ விடவில்லை. கண்ணை மூடி, விரல்விட்டுக் கணக்குப் போட்டாய்.

“நாளைக்குக் காலைல தண்ணி எறங்கியிருக்கும். காத்தும் இருக்காது. உனக்கு கோட்டை மைதானம்ப்பா. பெரிய பலகை எடுத்துக்க.”

சொல்லிவிட்டு இறங்கி, அம்மாவிடம் சொல்ல ஓடிவிட்டாய்.

7

நான் வேனைக் கொண்டுபோய்ப் பள்ளியில் விட்டேன். தெரேசா போய்விட்டிருந்தாள். பலகைகளை அடுக்கினேன். மஞ்சள் வாளியையும் நீல வாளியையும் அலசிக் காயப்போட்டேன். நீல வாளியில் பழுப்பு மணல் இருந்தது. அதைக் கொஞ்சம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, கீழே கொட்டினேன்.

பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து புதுத் தாள் ஒன்றை எடுத்து, நின்றபடியே நிரப்பினேன். பெயர், அருள்தாஸ் மாசிலாமணி. வயது, நாற்பத்தாறு. நீச்சல் தெரியுமா என்ற இடத்தில், தெரியும், கிணற்றில் என்று எழுதினேன். எந்த நிலை என்ற இடத்தில் முதல் கட்டத்தில் குறி போட்டேன். அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்ற கோட்டில், பெர்சிஸ் அருள்தாஸ் என்று எழுதினேன். உனக்குப் பதினெட்டு ஆகவில்லை, தெரேசா அதை அடித்தாலும் அடிக்கலாம்.

என்ன உறவு என்று கேட்டிருந்தது. மகள் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, மற்ற தாள்களோடு ஆணியில் குத்திவைத்தேன்.